கையிருப்பில் இல்லாத கயிறு

கடை, மார்ச் 4

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உடம்புக்குக் குறையில்லை. முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது. உன் நெஞ்சுச் சளி விட்டதா?

நீ கேட்டிருந்த இரண்டு பல்பு, ஒரு கீல், ஆறு திருகாணி எல்லாம் செவ்வாய்க்கிழமை லாரியில் ஏற்றிவிட்டேன். பெட்டியின் அடியில் ஒரு கம்பளி இருக்கிறது. அது நீ கேட்காதது. கேட்டதை மட்டும் கொடுப்பதற்கு நான் உனக்குக் கடைக்காரன் மட்டுமா?

சபையில் எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் போதகர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தம்பி எப்படி இருக்கார்? மலைக்காத்து ஒத்துக்குதா?" என்றார். "காத்து ஒத்துக்குது ஐயா, மலைதான் ஒத்துக்கல" என்றேன். சிரித்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்குவாரியை மூடி மூன்று வருஷம். குவாரி இருந்தவரைதான் அந்த ஊரில் ஜனம், ஜனம் இருந்தவரைதான் உன் சபை. அக்டோபரில் உன் கோயிலை வைப்பதா, பூட்டுவதா என்று தலைமை அலுவலகம் முடிவுசெய்யும் என்று நீயே எழுதினாய். எத்தனை பேர் வருகிறார்கள் என்று மட்டும் எழுதவில்லை. வேண்டாம், உன் சாமான் சீட்டே சொல்கிறது. வாங்குகிற சாமானை வைத்தே ஒருவன் வீட்டு நடப்பைச் சொல்லிவிடுகிறவன் நான். உள்தாழ்ப்பாள் வாங்கினால் அவன் வீட்டுக்கு மாமியார் வந்திருக்கிறாள். நீ முன்பெல்லாம் பன்னிரண்டு பல்பு கேட்பாய். போன வருஷம் ஐந்து. இப்போது இரண்டு. ஒன்று உன் அறைக்கு, இன்னொன்று கோயிலில் நீ நிற்கிற இடத்துக்கு. பெஞ்சுக்கு மேலே வெளிச்சம் வேண்டாமென்றால் பெஞ்சில் ஆள் இல்லை. சரிதானே?

ஐம்பத்தெட்டு வயதாகிறது உனக்கு. மாடி அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். கர்த்தர் இந்தத் தெருவிலும் இருக்கிறார். வந்துவிடு.

அண்ணன்.


சபை வீடு, மார்ச் 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பியின் ஸ்தோத்திரம். சளி போய்விட்டது, இருமல் காலி செய்ய மறுக்கிறது. கம்பளிக்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா, அல்லது கீலுக்குப் போடும் எண்ணெயையே போட்டுக்கொள்கிறீர்களா?

பல்பு விஷயத்தில் பாதி சரி. என் அறைக்குப் பல்பு போடவில்லை, இரண்டாவது மணிக்கூண்டுப் படிக்கு.

மாடி அறையைப் பற்றி யோசிக்கிறேன் என்று எழுதினால் அது பொய். அக்டோபர் வரட்டும்.

ஒரு சாமான் வேண்டும். மணிக்கயிறு, முப்பதடி. இப்போதிருப்பது நடுவில் நைந்து இழை இழையாகத் தெரிகிறது. சீக்கிரம் அனுப்பினால் நல்லது.

இன்னொன்று. அண்ணி உட்காரும் இடம், மூன்றாவது பெஞ்சு ஜன்னலோரம், அங்கே இப்போது யார் உட்காருகிறார்கள்? போதகர் எதைப் பற்றிப் பேசினார்? என் பிரசங்கத்தை நானே கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தம்பி.


கடை, ஏப்ரல் 6

பிரியமான தம்பிக்கு,

அண்ணன். நலம். இருமலைச் சும்மா விடாதே, பின்னால் ஆளையே சாய்த்துவிடும்.

போதகர் வழக்கம்போல நன்றாகப் பேசினார். சபையில் எல்லாரும் விசாரித்தார்கள்.

கயிறு இப்போது கையிருப்பில் இல்லை. வந்ததும் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மணி என்பது ஆளைக் கூப்பிட. அங்கே ஆளே இல்லையே, யாரைக் கூப்பிடுகிறாய்? நான் சாக்கை விரித்துச் சாலையோரத்தில் ஆணி விற்று மேலே வந்தவன். அன்று கற்ற முதல் பாடம், கால் நடமாட்டம் இல்லாத இடத்தில் சாக்கை விரிக்காதே. நூறு ஆட்டில் ஒன்று தொலைந்தால் தேடிப்போ என்றுதான் வேதம் சொல்கிறது. நீ தொண்ணூற்றொன்பதையும் தொலைத்துவிட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு மலையில் உட்கார்ந்திருக்கிறாய். அந்த ஒன்றாவது இருக்கிறதா?

மாடியிலிருந்து பார்த்தால் தெரு முழுக்கத் தெரியும். பொழுது போகும். வா.

அண்ணன்.


சபை வீடு, ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடையில் கயிறு இல்லை என்று படித்ததும் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் கண்ணீர் வந்தது. கடலில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று சொன்னாலாவது நம்புவேன்.

கேட்டதற்குச் சொல்கிறேன். ஞாயிறு ஆராதனைக்கு இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர் மூடின குவாரியின் காவல்காரர். பிரசங்கத்தில் தூங்கி ஆசீர்வாதத்துக்குச் சரியாக விழித்துவிடுவார். அவர் வராத வாரங்களும் உண்டு. அன்றும் முழு ஆராதனையும் நடத்துகிறேன். கடைசியில் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்குவேன். எதிரே பெஞ்சுகள். கையை எப்போது இறக்குவது என்று தெரியாது, அண்ணா. அதுதான் கஷ்டம். மற்றதெல்லாம் பழகிவிட்டது.

மணி காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும். சரிவில் ஒரு வீடு இருக்கிறது. அங்கே இருக்கிற அம்மாவை எல்லாரும் ஊதல்காரி என்பார்கள். குவாரியில் வெடி வைக்குமுன் ஊதல் ஊதுவது இருபது வருஷம் அவர் வேலை. அவர் ஊதாமல் ஒரு வெடி வெடித்ததில்லை, அதனால் ஓர் ஆளும் சாகவில்லை. இப்போது இடுப்புக்குக் கீழே பாதி மரத்துப்போயிற்று. நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை, எந்தச் சபையையும் சேர்ந்தவர் இல்லை. "கோயிலுக்கு ஒருநாள் வாங்களேன்" என்று கூப்பிட்டேன். "காலு வராது, காது வந்துடும். நீங்க அடிங்க" என்றார். காலை மணிக்கு எழுந்து உட்காருவார், மாலை மணிக்கு விளக்கு வைப்பார். நடுவில் அவர் நாளுக்கு வேறு அடையாளம் கிடையாது.

ஆள் வந்தால் ஊழியம், வராவிட்டால் விடுமுறை என்று என்னை இங்கே அனுப்பவில்லை.

நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை.

உங்கள் தம்பி.


கடை, மே 21

தம்பிக்கு,

நலம். மழையால் லாரி தாமதம். கயிறு இன்னும் வரவில்லை. மாடி அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டேன். சபையில் எல்லாரும் விசாரித்தார்கள். வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்.


சபை வீடு, ஜூன் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு அடி ஒன்றுமில்லை என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் பத்தொன்பதாம் தேதி அண்ணி போய் ஒரு வருஷம். இருபத்தொன்றாம் தேதி நீங்கள் எழுதிய கடிதத்தில் ஜன்னல் கொக்கிதான் இருந்தது. சரி.

போன வியாழன் காலை கயிறு அறுந்தது. அறுந்த நுனி கூரைவரை போய்விட்டது, எட்டவில்லை. ஏணி தேடினேன், குவாரியில்தான் இருக்கும் என்று கீழே போனேன். போக ஒரு மணி, சுமந்து திரும்ப இரண்டு மணி. வந்து பார்த்தால் கோயில் வாசலில் ஊதல்காரி உட்கார்ந்திருக்கிறார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு, புடவை முழுக்கச் சேறு. அந்தச் சரிவை உட்கார்ந்தபடியே ஏறி வந்திருக்கிறார்.

"என்னம்மா இது" என்றேன்.

"நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"போனா சொல்லிக்காமலா போவேன்?"

"எல்லாரும் அப்படித்தான் போனாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "சாவிய எங்க வச்சிட்டுப் போனீங்கன்னு பாக்க வந்தேன். நான் அடிக்கலாம்னு."

"உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

"சத்தம் குடுக்க வேண்டிய ஆளு குடுக்கலன்னா, எங்கயோ ஒருத்தர் மாட்டிக்கிட்டாருன்னு அர்த்தம் சாமி. எனக்குத் தெரியாதா?"

அன்று ஒன்பது மணிக்கு, ஏணியில் ஏறிச் சுத்தியால் மணியை அடித்தேன். இப்போது தினமும் அப்படித்தான் அடிக்கிறேன்.

அண்ணா, கயிறு உங்களிடம் இருந்தது என்று எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். நம் போதகர் உங்களை வாசலில் விசாரித்ததாக மார்ச்சில் எழுதினீர்கள். அவர் ஜனவரியிலேயே மாற்றலாகிப் போய்விட்டார். போகுமுன் எனக்கு எழுதினார். அண்ணி அடக்கத்துக்குப் பிறகு எட்டு மாதமாக உங்களைக் கோயிலில் காணவில்லையாம். விடைபெற இரண்டு தடவை கடைக்கு வந்தாராம். முதலாளி கிடங்கில் இருக்கிறார் என்றார்களாம். நீங்கள் என் சாமான் சீட்டைப் படித்தீர்கள். நான் உங்கள் விசாரிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் தம்பி.


கடை, ஜூன் 13

முப்பதடி கேட்டாய். அறுபதடி இன்றைய லாரியில் வருகிறது. கப்பியும் வைத்திருக்கிறேன். ஏணியில் ஏறாதே.

அண்ணன்.


சபை வீடு, ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். கயிறு வந்தது. ஊதல்காரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். குவாரிக் கயிறெல்லாம் பிடித்த கை. முறுக்கிப் பார்த்தார், பல்லால் ஓர் இழையைக் கடித்துப் பார்த்தார். "யாரு அனுப்பினது?" என்றார். "எங்க அண்ணன். கடை வச்சிருக்கார்." "இது விக்கிற கயிறு இல்ல சாமி, குடுக்கிற கயிறு" என்றார். மீதி முப்பதடியைச் சரிவில் அவர் பிடித்து ஏற மரத்துக்கு மரம் கட்டிவிட்டேன்.

உடம்பு எப்படி இருக்கிறது? எழுதுங்கள்.

உங்கள் தம்பி.


சபை வீடு, ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். இரண்டு லாரி வந்து திரும்பிவிட்டது. உங்கள் கடிதம் இல்லை. முழங்காலா, என் மேல் வருத்தமா? இரண்டும் என்றாலும் சரி, ஒரு வரி போடுங்கள்.

உங்களைப் பற்றித் தெரிந்திருந்தும் ஐந்து மாதம் தெரியாதவன்போல எழுதினேன். நீங்களே சொல்லட்டும் என்று காத்திருந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், கேட்டுவிட்டு நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டால் எனக்கு வேறு கடிதம் வராது. அந்தப் பயத்தில், உண்மையைக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்றதுபோல் இருந்தேன். நீங்கள் கயிற்றில் செய்ததை நான் இதில் செய்தேன். மன்னியுங்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். நல்லவர்கள். பெஞ்சுகளை எண்ணினார்கள், ஆட்களை எண்ணவில்லை. அக்டோபரில் பூட்டிவிடுவார்கள் என்று தெரிகிறது. வேறு ஊருக்கு மாற்றல் வாங்கலாம், இல்லையென்றால் ஓய்வு. எது என்று இன்னும் தெரியவில்லை.

உங்கள் தம்பி.


கடை, செப்டம்பர் 16

பிரியமான தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லை. எழுதாததற்குக் காரணம் வேலை என்று ஒரு தாள் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் அண்ணியை அடக்கம் செய்தபின் வந்த முதல் ஞாயிறு குளித்துச் சட்டை மாற்றிக் கோயில் வாசல்வரை போனேன். உள்ளே பாட்டு எண்ணைச் சொன்னார்கள். எண்ணைச் சொன்னதும் பக்கத்தை எடுத்துப் புத்தகத்தை என் கையில் வைப்பவள் அவள். முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு பாட்டைக்கூடத் தேடி எடுத்ததில்லை. அது அந்த வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. கை சட்டைப்பைக்குப் போனது, கடைச் சாவி தட்டுப்பட்டது. திரும்பிவந்து கடையைத் திறந்தேன். அன்றைக்கு வந்தது ஒரே ஆள், அவரும் வழி கேட்க வந்தவர்.

பிறகு எல்லா ஞாயிறும் திறந்தேன். ஞாயிறு பூட்டுகிற கடை என்று பெயர் வாங்கிய கடை. ஆணி நிறுக்கும் அம்மா ஒருதரம், "முதலாளி, இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே" என்றாள். "காலண்டர் எனக்கும் பாக்கத் தெரியும்" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. போதகர் வந்த அன்று நான் கிடங்கில்கூட இல்லை. தார்ப்பாய்க் கட்டுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் செருப்பு தெரிந்தது.

கயிறு பெரிய சுருளாக என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மணி அடிக்க முடியாவிட்டால் இறங்கி வந்துவிடுவாய் என்று நினைத்தேன். வியாபாரப் புத்தி. அதற்கு ஒரு நடக்கமுடியாத பொம்பளை சரிவேறி வருவாள் என்று நான் எங்கே கண்டேன். உன்னைக் கூப்பிட்டதும் உனக்காக இல்லை. சாப்பிடும்போது ரேடியோவைப் போடுகிறேன். அது செய்தி சொன்னால் நான் "அப்படியா" என்கிறேன். அந்த அளவுக்கு ஆகிவிட்டது.

போன ஞாயிறு கோயிலுக்குப் போனேன். புதுப் போதகர் சின்ன வயது. "முதல் முறையா வந்திருக்கவங்க கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்றார். பக்கத்திலிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து நின்றேன். கை தட்டினார்கள். முப்பத்தொரு வருஷம் அந்தப் பெஞ்சைத் தேய்த்தவன், புது ஆள் என்று நின்றேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யில்லை.

நூற்றுப் பதினாலாம் பாட்டு. நான் தேடிப் பிடிப்பதற்குள் ஆமென் சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்தேன். அவள் இருந்திருந்தால் புத்தகத்தை மடித்ததற்குத் திட்டியிருப்பாள்.

நீ மார்ச்சில் கேட்டதற்குப் பதில்: மூன்றாவது பெஞ்சு ஜன்னலோரம் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை, கடைசி பெஞ்சில் இருந்தேன். பிரசங்கம் என்ன என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

சபையில் யாரும் உன்னை விசாரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் எல்லாம் புது முகம், உன்னை அங்கே யாருக்கும் தெரியாது. என்னையும்தான்.

அண்ணன்.


சபை வீடு, அக்டோபர் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தை நின்றபடி ஒருமுறை, உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். இதுவரை நீங்கள் எழுதிய அத்தனை "விசாரித்தார்கள்" வரிகளும் எனக்கு மறந்துவிட்டன.

கோயிலை ஒன்றாம் தேதியே பூட்டிவிட்டார்கள். பெரிய பூட்டு. உங்கள் கடைப் பூட்டைவிட மட்டம். மணிக்கூண்டுக்கு வெளியிலிருந்து தனிக் கதவு. அதைப் பூட்ட அவர்களுக்குத் தோன்றவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. பிறகு மனம் கேட்காமல் கடிதம் எழுதிக் கேட்டேன். "மணி அடித்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்திருக்கிறது.

காவல்காரர் மகள் வீட்டோடு போகிறார். அவர் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள், கூடவே அவருடைய ஓர் அறை வீடும். இனி நான் மூடின குவாரிக்குக் காவல், மூடின கோயிலுக்கு மணி. ஊதல்காரியிடம் சொன்னேன். "நல்ல உத்தியோகம். ரெண்டுலயும் கூட்டம் இருக்காது" என்றார்.

மாடி அறை இருக்கிறது என்று தெரிந்தும், அதைவிட அந்த ரேடியோவைப் பற்றித் தெரிந்தும் எழுதுகிறேன். நான் வரவில்லை அண்ணா. இதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

ஞாயிறு காலை சபை வீட்டில், பெஞ்சில்லாத என் அறையில் தனியாக ஆராதனை நடத்துகிறேன். ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கினால் எதிரே ஜன்னல். கீழே எங்கோ நீங்கள் கடைசி பெஞ்சில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவு தூரத்துக்குக் கை காட்டிவிட்டு இறக்குவேன்.

உங்கள் தம்பி.


கடை, அக்டோபர் 27

பிரியமான தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். முழங்கால் மழைக்கு முந்தியே மழை சொல்கிறது. உனக்கு இருமல் மருந்தும் நல்ல பூட்டு ஒன்றும் லாரியில் வருகிறது. அவர்கள் போட்ட மட்டப் பூட்டைக் கழற்றிவிட்டு இதைப் போடச் சொல்லிச் சாவியை அவர்களுக்கே அனுப்பிவிடு. பூட்டினாலும் ஒழுங்காகப் பூட்டவேண்டும்.

நீ வரவில்லை என்று எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன், இறங்கினேன். கோபம் ஒரு நாள் இருந்தது. அதற்குமேல் வைத்திருக்க எனக்கு இடமில்லை. மாடி அறையில் சாமான் ஏற்றிவிட்டேன். கயிற்றுச் சுருள் எல்லாம் இப்போது அங்கேதான், புதுக் கொக்கி போட்ட ஜன்னலோரமாக. சும்மா கிடக்கிற அறையை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது.

கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டு. ஆணி நிறுக்கும் அம்மா சனிக்கிழமை மாலை, "அப்ப திங்கக்கிழமை பாப்போம் முதலாளி" என்று இரண்டு தரம் சொன்னாள்.

மற்ற நாள் காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறேன். முன்பு ஆறரை. ஷட்டருக்கும் கயிறு போல ஓர் இழுப்பு வேண்டியிருக்கிறது. நீ அங்கே கீழே இழுக்கிற நேரம்தான் நான் இங்கே மேலே இழுக்கிறேன். ஒரு ஜெபமும் தெரியவில்லை, ஷட்டர் சத்தம்தான். அது உனக்குக் கேட்காது, உன் மணி எனக்குக் கேட்காது.

போன ஞாயிறு புதுப் போதகர் வாசலில் நிறுத்தினார். "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்றார். "நான்தான்" என்றேன். "வெளியில சொந்தக்காரங்க?" "தம்பி இருக்கான். மலைல மணி அடிக்கிறான்." "பெரிய சபையா?" "ஒரு காது" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நின்று முழுக்கச் சொன்னேன். கடைசியில் தோளைத் தொட்டு, "உங்க தம்பிய நான் விசாரிச்சேன்னு எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன். எல்லாரும் இல்லை, ஒருவர்.

அறுபதடி மழையில் எத்தனை வருஷம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். நையத் தொடங்குமுன்பே எழுது. கயிறு கையிருப்பில் இருக்கிறது.

அண்ணன்.